மொத்தம் 557, பக்கத்து வீட்டுப் பையன் 542. ஆனா கட்-ஆஃப்ல அவன் 16 மார்க் மேல. எப்படி?

பன்னீர்திராட்சை | மே 8, 2025, இரவு 9:14

எல்லாருக்கும் வணக்கம். கம்பத்துல இருந்து எழுதுறேன். இன்னிக்குப் பிளஸ் டூ ரிசல்ட். என் பொண்ணு பயாலஜி குரூப். தமிழ் 97, இங்கிலீஷ் 95, இயற்பியல் 88, வேதியியல் 93, கணக்கு 86, உயிரியல் 98. கூட்டினா 557. காலையிலயே தெருவுக்கே மைசூர்பாகு குடுத்தாச்சு.

சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தம்பி வந்தான். அவன் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். தமிழ் 84, இங்கிலீஷ் 78, இயற்பியல் 95, வேதியியல் 96, கணக்கு 97, கம்ப்யூட்டர் 92. மொத்தம் 542. நம்மளவிட 15 கம்மி. பேச்சுவாக்குல "எனக்குக் கட்-ஆஃப் 192.5 வருது மாமா"ன்னான். என் பொண்ணு செல்லுல தட்டிப் பார்த்துட்டு "எனக்கு 176.5"ன்னு சொல்லிட்டு மாடிக்குப் போனவ இன்னும் இறங்கல. சாப்பிடவும் இல்ல.

நான் பத்தாவது வரைக்கும்தான். திராட்சை யாவாரம். பெட்டிக்கு எத்தனை கிலோ, கழிவு எவ்வளவுன்னு மனசுலயே கணக்குப் போட்டுருவேன். இந்தக் கணக்குதான் உதைக்குது. யாராவது புரியிற மாதிரி சொல்லுங்க.

---

சாக்பீஸ் | மே 8, இரவு 9:51

முதல்ல பாப்பாவைச் சாப்பிடச் சொல்லுங்கண்ணே. 557 நல்ல மார்க்.

நான் அரசுப் பள்ளியில கணக்கு வாத்தியார், 19 வருஷமா. வருஷா வருஷம் ரிசல்ட் அன்னிக்கு நாலு வீட்டுலயாவது இந்தப் பஞ்சாயத்து நடக்கும்.

தமிழ்நாட்டுல பி.இ. கலந்தாய்வுக்கு மொத்த மார்க்கை யாரும் பார்க்குறது இல்ல. மூணே பாடம். கணக்கு அப்படியே நூத்துக்கு எடுத்துக்குவாங்க. இயற்பியலைப் பாதியாக்கி அம்பதுக்கு, வேதியியலைப் பாதியாக்கி அம்பதுக்கு. ஆக 200. அதுக்கு வர்ற மார்க்தான் கட்-ஆஃப்.

உங்க பொண்ணு: 86 + 44 + 46.5 = 176.5
அந்தப் பையன்: 97 + 47.5 + 48 = 192.5

வித்தியாசம் 16. அதுல 11 கணக்குல மட்டும் போனது. இயற்பியல்ல 7 மார்க் கம்மி, ஆனா பாதியாகறதால மூணரைதான் அடி. வேதியியல்ல 3 கம்மி, ஒன்றரை அடி. தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் பொண்ணு 30 மார்க் கூட வாங்கியிருக்கு பாருங்க, அந்த முப்பதும் இந்த வாசல்ல செல்லாது. உயிரியல் 98-ம் அப்படித்தான்.

---

பன்னீர்திராட்சை | மே 8, இரவு 10:20

அப்ப தமிழ்ல 97 வாங்கினது தண்டமா சார்? ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உக்காந்து மனப்பாடச் செய்யுள் எழுதிப் பார்த்த புள்ள.

---

சாக்பீஸ் | மே 8, இரவு 10:48

தண்டம்னு சொல்ல மாட்டேன். மொழிப்பாடத்துல பாஸ் ஆகலைன்னா மத்ததுல நூறு நூறு வாங்கினாலும் பாஸ் இல்லையே. அதுக்கு மேல, வேற வாசலுக்குப் போனா அந்த 97-க்கு விலை இருக்கு.

அதே மார்க் ஷீட்டை ஒவ்வொரு இடத்துக்கும் கொண்டு போய்ப் பார்ப்போம். அரசு கலைக் கல்லூரியில பி.எஸ்சி.க்குப் போட்டீங்கன்னா மொழி தவிர்த்த நாலு பாடம், 400-க்கு. பொண்ணுக்கு 365. பி.ஏ. தமிழ்னா தமிழ் மார்க்கை வச்சே தரவரிசை. 97-ஓட முன்வரிசையில நிக்கும். கால்நடை மருத்துவத்துக்கு உயிரியல் முழுசா நூறு, இயற்பியல் வேதியியல் பாதி பாதி. 98 + 44 + 46.5, அதாவது 188.5. வேளாண்மைக்கு நாலு பாடத்தையும் அம்பது அம்பதாக்குவாங்க. 43 + 44 + 46.5 + 49, மொத்தம் 182.5. அரசு சட்டக் கல்லூரி அஞ்சு வருஷப் படிப்புக்கும் நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். பி.ஆர்க்., அதாவது கட்டடக்கலைன்னா அதுக்குன்னு இருக்கற நாட்டா நுழைவுத் தேர்வு பாதி, பிளஸ் டூ பாதி.

மார்க் ஷீட் ஒண்ணுதான் அண்ணே, தராசுதான் கடைக்குக் கடை வேற. உங்களுக்குத் தெரியாததா? அதே பன்னீர் திராட்சைக்கு ஜூஸ் கடைக்காரன் ஒரு விலை சொல்வான், பெட்டியில அடுக்கி கேரளாவுக்கு ஏத்துறவன் ஒரு விலை சொல்வான்.

கால்நடை மருத்துவத்துக்கு 188.5 பத்தாது, முன்னாடியே சொல்லிடறேன். இடம் கம்மி, எல்லாரும் 190-க்கு மேல நிப்பாங்க. ஆனா விண்ணப்பம் மட்டும் போட்டு வைங்க.

---

சிங்காநல்லூர்_அம்மா | மே 9, காலை 7:05

இடையில வர்றதுக்கு மன்னிக்கணுங்க. எங்க பையன் சிபிஎஸ்இ. அவங்க பேப்பர் கஷ்டங்க. ஸ்டேட் போர்டுல கணக்குல நூத்துக்கு நூறு மட்டும் இந்த வருஷம் 3,022 பேராமா. போன வருஷம் 2,587. வேதியியல் அதைவிட மோசங்க, போன வருஷம் 471 பேர், இந்த வருஷம் 3,181. இவங்களோட எங்க பையனை ஒரே வரிசையில நிக்க வச்சா எப்படிங்க?

---

உதவிமையம்_தன்னார்வலர் | மே 9, காலை 8:30

மேடம், அதுக்குச் சட்டத்துலயே ஒரு வழி வச்சிருக்காங்க. நுழைவுத் தேர்வை எடுத்த 2006-ஆம் வருஷச் சட்டத்துலயே அது வருது. ஒவ்வொரு போர்டுலயும் ஒரு பாடத்துல எடுத்த உச்ச மார்க்கை நூறுக்குச் சமமாக்கி, மத்தவங்க மார்க்கை அந்த விகிதத்துல ஏத்துறது. உதாரணத்துக்கு ஒரு போர்டுல இயற்பியல் உச்ச மார்க் 95-னு வைங்க. அங்க 95 வாங்கினவருக்கு 100 ஆகும்.

காகிதத்துல பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சிபிஎஸ்இ-லயும் யாரோ ஒருத்தர் நூறு வாங்கிடறாங்க. நூறை நூறாக்கினா என்ன மாறும்? ஒண்ணும் மாறாது. உங்க ஆதங்கம் நியாயம்தான். ஆனா பையன் சிபிஎஸ்இ-ல படிச்சதால ஜேஇஇ (ஐஐடி, என்ஐடி மாதிரி மத்திய அரசு காலேஜுக்கான நுழைவுத் தேர்வு) பக்கம் கொஞ்சம் சௌகரியம் இருந்திருக்கும், அதையும் நினைச்சுப் பாருங்க.

---

கிண்டி2004 | மே 9, காலை 11:12

இதுக்குத்தான் எங்க காலத்துல நுழைவுத் தேர்வு இருந்துச்சு. 1984-ல எம்.ஜி.ஆர். ஆட்சியில வந்தது. நான் 2004 பிளஸ் டூ. அப்ப கட்-ஆஃப் 300-க்கு. பிளஸ் டூ 200, நுழைவுத் தேர்வு 100. மனப்பாடம் பண்ணி 198 வாங்கினவன் எண்ட்ரன்ஸ்ல 60 வாங்கி மாட்டிப்பான். எல்லா போர்டுக்கும் ஒரே பேப்பர், ஒரே தராசு. இந்தச் சண்டையே வந்திருக்காது.

கவுன்சலிங்குக்கு அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு அண்ணா யுனிவர்சிட்டி வாசல்ல நின்னது இன்னும் ஞாபகம் இருக்கு. உள்ளே பெரிய திரையில ஒவ்வொரு காலேஜுலயும் எத்தனை சீட் பாக்கின்னு ஓடும். நாம ஆசைப்பட்டது கண்ணெதிர்லயே 2, 1, 0ன்னு இறங்கும். என் முன்னாடி நின்ன பொண்ணு நான் நினைச்ச சீட்டை எடுத்துட்டுப் போச்சு. இப்ப எல்லாம் 2018-ல இருந்து ஆன்லைன், வீட்டுல உக்காந்து தட்டலாம்.

---

தாமிரபரணி | மே 9, மதியம் 1:40

கிண்டி அண்ணாச்சி, ஒரே பேப்பர் சரி. அந்தப் பேப்பருக்குத் தயார் பண்ண எல்லாருக்கும் ஒரே வசதி இருந்துச்சா?

நான் 2003. நாங்குநேரி பக்கம் ஒரு கிராமம். பிளஸ் டூ முடிச்ச மறுநாளே டவுன் பையனுவ பாளையங்கோட்டையிலயோ மதுரையிலயோ ரூம் எடுத்துக் கோச்சிங் போவானுவ. நமக்கு பஸ் பாஸ்கூட முடிஞ்சு போயிருக்கும். பழைய கொஸ்டின் பேங்க் ஒண்ணை மூணு பேர் கிழிச்சுப் பங்கு போட்டுப் படிச்சோம். எனக்குக் கணக்குப் பக்கம், இன்னொருத்தனுக்கு இயற்பியல், ஒருத்தனுக்கு வேதியியல். எக்ஸாமுக்கு முந்தின நாள்தான் மாத்திக்கிட்டோம். பிளஸ் டூ-ல 187, எண்ட்ரன்ஸ்ல 51.

2007-ல அதை எடுத்த பொறவு எங்க ஊர்ல எஞ்சினீயர் எண்ணிக்கை கூடிச்சு. எங்க அத்தை மவளே அதுல ஒருத்தி.

---

கிண்டி2004 | மே 9, மதியம் 2:15

ஊர்ல எஞ்சினீயர் கூடினதுக்குக் காரணம் எண்ட்ரன்ஸ் போனதா, தெருவுக்குத் தெரு காலேஜ் வந்ததா?

---

தாமிரபரணி | மே 9, மதியம் 2:31

ரெண்டும்தான். அதை நான் மறுக்கல. ஆனா 51 வாங்கினவன் நான். உங்களுக்கு அது புள்ளிவிவரம், எனக்கு அது ஒரு வருஷம்.

---

கொரோனா_பேட்ச் | மே 9, மாலை 6:03

நான் 2021 செட். எங்களுக்குப் பரீட்சையே இல்ல. பத்தாவதுல அதிகம் வாங்கின மூணு பாடச் சராசரிக்கு 50 சதவீதம், பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டுக்கு 30. இப்படித்தான் மார்க் போட்டாங்க.

பத்தாவதுல நல்ல மார்க் எனக்கு. கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் மூணும் 95-க்கு மேல. பிளஸ் ஒன்னுல இயற்பியல் தேறினதே பெரிய விஷயம். ஆனா சமூக அறிவியல் புண்ணியத்துல பிளஸ் டூ இயற்பியல்ல 85 வந்துச்சு! என் ஃப்ரெண்டு நேர் எதிர். பத்தாவதுல விளையாட்டுப் பையன், பிளஸ் டூ-ல பேய் மாதிரி படிச்சான். அவனுக்கு 78. பாவம்.

இன்னிக்கும் "கொரோனா பாஸ்"னு கிண்டல் பண்ணா சிரிச்சுட்டுப் போயிடுவேன். அவன் சிரிக்க மாட்டான்.

---

பன்னீர்திராட்சை | மே 10, இரவு 9:30

பொண்ணு மாடியில இருந்து இறங்கிட்டா. எல்லாருக்கும் நன்றி. இன்னும் ரெண்டு சந்தேகம்.

ஒண்ணு, அவ ஒன்பதாவதுல இருந்து அரசுப் பெண்கள் பள்ளி. ஆறு முதல் எட்டு வரைக்கும் அரசு உதவி பெறும் பள்ளி. அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கான அந்த ஏழரை சதவீத ஒதுக்கீடு கிடைக்குமா? ரெண்டு, நாங்க பி.சி. கட்-ஆஃப் கம்மியா இருந்தாலும் கிடைக்கும்னு இங்க ஒருத்தர் சொல்றார்.

---

உதவிமையம்_தன்னார்வலர் | மே 10, இரவு 10:11

அண்ணே, ஏழரை சதவீதம் கிடைக்காது. ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் முழுக்க அரசுப் பள்ளியிலயே படிச்சிருக்கணும். உதவி பெறும் பள்ளி அதுல சேராது. மருத்துவத்துக்கு 2020-லயும் பி.இ.க்கு 2021-லயும் கொண்டு வந்தாங்க. அதுல சேர்ந்தா கட்டணமும் அரசே கட்டும். எங்க மையத்துக்கு வர்ற பெத்தவங்கள்ல பாதிப் பேர் இதைக் கேட்டுட்டுத்தான் முகம் வாடிப் போறாங்க. மூணு வருஷம், அதுவும் சின்ன வகுப்பு. என்ன பண்றது.

முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கிடுங்க. உங்க வீட்டுல யாரும் டிகிரி முடிக்கலேன்னா கல்விக் கட்டணத்துல சலுகை உண்டு. ஆனா அது மார்க்கைக் கூட்டாது, ஃபீஸைத்தான் குறைக்கும். இதையும் நிறையப் பேர் குழப்பிக்கிறாங்க.

இடஒதுக்கீட்டுக்கு வருவோம். 100 சீட்ல 31 பொதுப் பிரிவு. அது முன்னேறிய வகுப்புக்குன்னு எழுதி வச்சதில்ல, யார் மார்க் எடுத்தாலும் உள்ள போகலாம். மிச்சம் 69-ல பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. உங்க பொண்ணுக்கு ரெண்டு கதவு: பொதுவுல முதல்ல பார்ப்பாங்க, அங்க இல்லேன்னா பி.சி.ல. நல்ல காலேஜ்கள்ல பி.சி. கட்-ஆஃபும் பொது கட்-ஆஃபும் ரொம்பப் பக்கத்துல இருக்கும், அதனால பெரிசா எதிர்பார்க்காதீங்க.

இன்னொண்ணு. தகுதி வேற, தரவரிசை வேற. விண்ணப்பிக்கத் தகுதின்னு பார்த்தா அந்த மூணு பாடத்துலயும் சேர்த்துச் சராசரி பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், மத்தவங்களுக்கு 40. அது எல்லாரும் தாண்டுற திண்ணை. சீட்டு கிடைக்குறது ரேங்க்ல.

---

சாக்பீஸ் | மே 11, காலை 6:20

அண்ணே, பேச்சு எங்கெங்கயோ போகுது, வேலையைப் பார்ப்போம். கணக்கு 86-ஐ அப்படியே விடாதீங்க. விடைத்தாளோட ஸ்கேன் காப்பிக்கு விண்ணப்பம் போடுங்க. ஸ்கேன் காப்பி வாங்கினாத்தான் மறுமதிப்பீடு கேட்க முடியும்.

எல்லாப் பாடத்துக்கும் போட்டுக் காசைக் கரைக்க வேணாம். உயிரியல்ல ரெண்டு கூடினாலும் பி.இ.க்குப் பிரயோஜனம் இல்ல. இயற்பியல்ல ரெண்டு கூடினா ஒண்ணு ஏறும். கணக்குல ரெண்டு கூடினா ரெண்டும் முழுசா ஏறும். கணக்குக்கு மட்டும் போடுங்க. அகமதிப்பீடு 10 முழுசா வந்திருக்கும். அப்ப எழுத்துல 90-க்கு 76. பதினாலு எங்க போச்சுன்னு பார்த்துடலாம்.

---

பன்னீர்திராட்சை | மே 29, இரவு 8:47

சார், காப்பி வந்துருச்சு! பிரவுசிங் சென்டர்ல பிரிண்ட் போட்டு வாங்கிட்டு வந்தோம். பொண்ணும் அவ டியூசன் மிஸ்ஸும் தரையில பரப்பி வச்சு ஒவ்வொரு பக்கமாப் பார்த்தாங்க. நான் பக்கத்துல வேடிக்கை.

ஒரு மார்க் கேள்வி இருபதுல மூணு தப்பு. அது இவ தப்பு, ஒத்துக்கிட்டா. ரெண்டு மார்க்குல ஒண்ணு விட்டிருக்கா. அஞ்சு மார்க் கேள்வி ஒண்ணுல ஒரு பக்கத்துல பாதி போட்டுட்டு, இடம் பத்தாம அடுத்த பக்கத்துல மீதியை முடிச்சிருக்கா. "தொடர்ச்சி"ன்னு எழுதல. திருத்தினவங்க முதல் பக்கத்துக்கு 2 போட்டிருக்காங்க. அடுத்த பக்கத்துல சிவப்பு மையே இல்ல சார், ஒரு டிக்கூட. அந்தப் பக்கத்துலதான் விடையே இருக்கு, கட்டம் போட்டு வச்சிருக்கா.

மிஸ் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல. பேனாவால அந்தக் கட்டத்தைச் சுத்தி இன்னொரு கட்டம் போட்டாங்க.

---

சாக்பீஸ் | மே 29, இரவு 9:02

போடுங்க மறுமதிப்பீடு. கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க.

நானும் பேப்பர் திருத்தப் போறவன்தான். நாள் பூரா கட்டுக் கட்டா, வெயில், ஃபேன் சத்தம். நாங்களும் மனுஷங்கதான், பக்கம் ஒட்டிக்கிட்டுப் போறது உண்டு. ஆனா பாப்பாகிட்டச் சொல்லுங்க, அடுத்த பக்கம் போனா மேல ஒரு வார்த்தை எழுதிட்டுப் போகணும்னு. காலேஜ்லயும் இதே கதைதான்.

---

சிங்காநல்லூர்_அம்மா | ஜூன் 3, மாலை 4:40

நல்லா வரட்டுங்க அண்ணா. எங்க கதையே வேறங்க. பையன் ஜேஇஇ மெயின்ல பரவாயில்லாம எடுத்திருக்கான். ஆனா பிளஸ் டூ-ல அஞ்சு பாடத்துக்கும் சேர்த்து 74 சதவீதம். என்ஐடி-க்கு 75 வேணும்னு இப்பத்தான் தெரிஞ்சது. கோச்சிங் சென்டர்ல ரெண்டு வருஷமா "போர்டு மார்க் யாரு பார்க்குறா"ன்னே சொல்லிட்டு இருந்தாங்க. ஸ்கூலுக்கே சரியாப் போகலீங்க. ஒரு சதவீதங்க. ஒண்ணே ஒண்ணு.

---

கிண்டி2004 | ஜூன் 3, மாலை 5:25

மேடம், பதறாதீங்க. 75 சதவீதம், அல்லது அந்த போர்டுல அந்த வருஷம் தேறினவங்கள்ல முதல் 20 பெர்சன்டைல், அதாவது மேல நிக்குற அஞ்சுல ஒரு பங்கு. ரெண்டுல ஒண்ணு இருந்தாப் போதும். எஸ்.சி., எஸ்.டி.க்கு 65. உங்க போர்டோட 20 பெர்சன்டைல் மார்க் 75-க்குக் கீழ நின்னா நீங்க தப்பிச்சீங்க. அதை உடனே பாருங்க.

கொரோனாவுக்காக இந்த விதியைத் தளர்த்தியிருந்தாங்க, 2023-ல திரும்ப வந்துடுச்சு. அந்த இடைவெளியில பழகின கோச்சிங்காரங்க இன்னும் அதே பாட்டு பாடுறாங்க. ஒரு காலத்துல, 2013-ல இருந்து 2016 வரைக்கும், ஜேஇஇ மெயின் ரேங்க்லயே போர்டு மார்க்குக்கு 40 சதவீதம் இடம் இருந்துச்சு. 2017-ல எடுத்துட்டாங்க. இப்ப போர்டு மார்க் வெறும் வாசல் கேட்டு. ஆனா பூட்டின கேட்டு.

---

தாமிரபரணி | ஜூன் 3, இரவு 8:10

மே மாசம் "ஒரே பேப்பர், ஒரே தராசு"ன்னு சொன்ன அண்ணாச்சி இவரா?

---

கிண்டி2004 | ஜூன் 3, இரவு 8:22

ஞாபகம் இருக்குய்யா. பேசாம இரும்.

---

சிங்காநல்லூர்_அம்மா | ஜூன் 5, காலை 10:15

பார்த்தோங்க. கிடைக்கலீங்க. டிஎன்இஏ, அதான் இங்க பி.இ. கலந்தாய்வுக்குப் பதிவு பண்ணியாச்சு. கணக்கு 81, இயற்பியல் 76, வேதியியல் 79. 158.5.

---

பன்னீர்திராட்சை | ஜூன் 28, காலை 9:33

நல்ல சேதி. கணக்கு 89 ஆயிருச்சு! அந்தப் பக்கத்துக்கு மூணு மார்க்கும் குடுத்துட்டாங்க. 89 + 44 + 46.5 = 179.5. இந்தத் தடவை நானே கூட்டிட்டேன். கலந்தாய்வு சைட்டுல மார்க் மாறியிருக்கான்னு பார்க்க உதவி மையத்துக்குப் போனோம், அங்க போறதுக்கு முன்னாடியே மாறியிருந்துச்சு.

நேத்து ரேங்க் லிஸ்ட்டும் வந்துருச்சு. ஆனா ஒண்ணு புரியல. போன வருஷம் இதே மார்க் வாங்கின ஒரு பிள்ளையோட ரேங்க்கையும் இவ ரேங்க்கையும் பார்த்தா இவ ரொம்பப் பின்னாடி இருக்கா. மூணு மார்க் ஏறியும் பின்னாடியா?

---

உதவிமையம்_தன்னார்வலர் | ஜூன் 28, காலை 10:50

எல்லாரும் ஏறியிருக்காங்க அண்ணே, அதான். 200-க்கு 200 எடுத்தவங்க 2023-ல 102 பேர், 2024-ல 65, இந்த வருஷம் 144. மேல நிக்குற கூட்டம் பெருத்தா கீழ இருக்கறவங்க எல்லாரும் பின்னாடி தள்ளப்படுவாங்க. சிங்காநல்லூர் மேடம் முதல்லயே சொன்னாங்க பாருங்க, வேதியியல் நூறு 471-ல இருந்து 3,181 ஆனது. அதோட வேலைதான் இது.

கட்-ஆஃப்னு ரெண்டு விஷயத்துக்கு ஒரே பேர் வச்சிருக்கோம். உங்க பொண்ணோட 179.5-ம் கட்-ஆஃப். ஒரு காலேஜுல ஒரு பிரிவுல கடைசியாச் சேர்ந்த பிள்ளையோட மார்க்கும் கட்-ஆஃப். இந்த ரெண்டாவது கட்-ஆஃப், வருஷத்துக்கு வருஷம் ஆடும். அதனால போன வருஷப் பட்டியலைப் பார்க்கும்போது மார்க்கைப் பார்க்காதீங்க, எந்த ரேங்க் வரைக்கும் போச்சுன்னு பாருங்க.

ஒரே மார்க்ல நிறையப் பேர் இருந்தா கணக்கு மார்க் கூட இருக்கறவங்க முன்னாடி. அதுவும் சமம்னா இயற்பியல். இப்படியே போய்க் கடைசியில பிறந்த தேதி, அதுக்கும் கீழ அந்தப் பத்து இலக்க ரேண்டம் எண். உங்க பொண்ணுக்குக் கணக்கு ஏறினதால இந்த வரிசையிலயும் லாபம்தான்.

---

பன்னீர்திராட்சை | ஜூலை 2, இரவு 9:05

சாய்ஸ் லிஸ்ட் எழுதிப் பார்த்தோம். ஒன்பது காலேஜ் வந்துருக்கு. போதுமா?

---

சாக்பீஸ் | ஜூலை 2, இரவு 9:11

அண்ணே! ஒன்பதா? அம்பதுக்குக் குறைஞ்சா நான் கம்பத்துக்கு வந்து உங்க பந்தலுக்கு அடியில உக்காந்துருவேன். எத்தனை வேணும்னாலும் போடலாம், காசா பணமா. பிடிச்ச வரிசையில போடுங்க, கிடைக்கும்னு நினைக்கிற வரிசையில போடாதீங்க. கிடைக்காதுன்னு தோணுறதை மேல வச்சாலும் நஷ்டம் இல்ல, கம்ப்யூட்டர் அதைத் தாண்டி அடுத்ததுக்குப் போயிடும். ஆனா பிடிக்காததை மேல வச்சா அதைத்தான் குடுக்கும்.

---

பன்னீர்திராட்சை | ஆகஸ்ட் 10, மாலை 5:20

சொல்ல வேண்டியவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், உங்ககிட்டதான் லேட். போடி அரசு பொறியியல் கல்லூரியில இ.இ.இ. (எலக்ட்ரிகல்) கிடைச்சிருக்கு. அறுபத்திரண்டு சாய்ஸ் போட்டோம், இது ஒன்பதாவது. அவ ஆசைப்பட்டது இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ்), அது மேலயே முடிஞ்சிருச்சு. முதல் ரவுண்டுலயே பேர் வந்துச்சு. 176.5-லயே நின்னிருந்தா ரெண்டாவது ரவுண்டுக்குப் போயிருப்போம்னு மையத்துல சொன்னாங்க. அந்தச் சிவப்பு மை இல்லாத பக்கத்தைப் பொண்ணு பத்திரமா எடுத்து வச்சிருக்கா.

பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் கோயம்புத்தூர்ல கம்ப்யூட்டர். இந்தத் தடவை அவங்க வீட்டு மைசூர்பாகு.

சிங்காநல்லூர் அக்கா, உங்க பையனுக்கு என்ன ஆச்சு?

---

சிங்காநல்லூர்_அம்மா | ஆகஸ்ட் 10, இரவு 7:48

ரொம்பச் சந்தோஷங்க அண்ணா. எங்களுக்கு ரெண்டாவது ரவுண்டுல இங்கயே ஒரு தனியார் காலேஜ்ல மெக்கானிக்கல் கிடைச்சதுங்க. அவன் முதல்ல மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தான். இப்ப ஒர்க் ஷாப் யூனிஃபார்ம் அளவு குடுத்துட்டு வந்திருக்கான்.

---

சாக்பீஸ் | ஆகஸ்ட் 10, இரவு 8:30

ரெண்டு வீட்டுக்கும் வாழ்த்து.

ஒரு சேதி. பிளஸ் ஒன் பொதுத் தேர்வு இந்தக் கல்வியாண்டுல இருந்து இல்லைன்னு ஆயிடுச்சு. 2017-18-ல அதைக் கொண்டு வந்ததே சில பள்ளிகள்ல பதினொண்ணாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலேயே முதல் வருஷமே பிளஸ் டூ புத்தகத்தைப் பிரிச்சதாலதான். எனக்கு இதுல பயம் இருக்கு. மேல சொன்ன கட்-ஆஃப் கணக்கு எதுலயும் பிளஸ் ஒன் மார்க் வராது. ஆனா பிளஸ் டூ-ல தொகையிடல் போட வரும்போது பிளஸ் ஒன்னுல வகையிடல் படிச்சவன் உக்காருவான், படிக்காதவன் முழிப்பான். பசங்களுக்கு ஒரு பரீட்சைப் பாரம் குறைஞ்சதுல சந்தோஷமும் இருக்கு. ரெண்டும் சேர்ந்தே இருக்கு, என்ன பண்ண.

---

புதுசா_வந்தவன் | ஆகஸ்ட் 11, காலை 8:02

இந்த இழையை முழுசாப் படிச்சேன். எங்க அக்கா பையன் மார்ச்ல இயற்பியல்ல ஃபெயில். துணைத் தேர்வு எழுதி இப்ப பாஸ். தமிழ் 72, இங்கிலீஷ் 60, இயற்பியல் 51, வேதியியல் 66, கணக்கு 70, கம்ப்யூட்டர் 81. மொத்தம் 400. பி.இ. கிடைக்குமா? கலந்தாய்வு முடியப் போகுதே.

---

பன்னீர்திராட்சை | ஆகஸ்ட் 11, காலை 8:40

தம்பி, மொத்தத்தை விடுங்க. 70 + 25.5 + 33 = 128.5. துணைத் தேர்வுல பாஸ் ஆனவங்களுக்குத் துணைக் கலந்தாய்வுன்னு தனியா உண்டு, உதவி மையத்துக்கு இன்னிக்கே போங்க. சான்றிதழ் எல்லாம் ஒரிஜினல் எடுத்துட்டுப் போங்க, சாய்ஸ் ஒன்பதோட நிறுத்திடாதீங்க. அப்புறம் அந்த மார்ச் மாசக் கணக்குப் பேப்பருக்கு ஸ்கேன் காப்பி வாங்கிப் பார்த்தாங்களா?